யார் கையில் இருந்தது?

2025 ஜூலை 24, ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் திதி கொடுக்கச் சுருளிக்குப் போயிருந்தோம். நான், சித்தி, சித்தியின் மகள். பண்ணைப்புரத்திலிருந்து இருட்டோடு கிளம்பி, கோம்பை, உத்தமபாளையம், கம்பம் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது ஆற்றங்கரையில் நிற்க இடமில்லை. எள்ளும் தண்ணீரும் விட்டு, மூன்று தலைமுறைப் பெயர்களைத் திணறித் திணறிச் சொல்லி முடித்துவிட்டு மேலே ஏறி வந்தேன். தங்கச்சி அருவிக்குப் போகும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இங்க வந்து பதினாலு வருசமாச்சுண்ணே" என்றாள்.

எதைச் சொல்கிறாள் என்று புரிந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்புதான், ஜூலை 15ஆம் தேதி, சுருளி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2011 மே மாதம் இந்தக் காட்டில் ஓர் இளைஞனும் அவன் காதலித்த பெண்ணும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பெண் பாலியல் வன்கொடுமைக்கும் ஆளாக்கப்பட்டிருந்தாள். ஒருவர் கைது செய்யப்பட்டார். தேனி நீதிமன்றம் 2018இல் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. மதுரைக் கிளை 2019இல் அதை உறுதி செய்தது. 2025இல் நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அமர்வு அவரை விடுதலை செய்துவிட்டது. தீர்ப்பின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது. ஆனாலும் நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெண்ணின் பெயரையும்தான். அவள் பெயரை எழுதக்கூடாது என்பது சட்டம். அவர் பெயரை எழுதாமல் விடுவது என் முடிவு.

"அப்ப யாருண்ணே செஞ்சது?" என்று கேட்டாள் தங்கச்சி.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில் இல்லை. பதில் ஏன் இல்லாமல் போனது என்பதைப் பற்றியது.

*

2011 மே மாதம் நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். தங்கச்சி ப்ளஸ் டூ முடித்திருந்தாள். தினமும் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒரு கல்லூரியில் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். சுருளிச் செய்தி வந்த வாரம் அந்த விண்ணப்பம் பீரோவுக்குள் போனது. திரும்ப வெளியே வரவில்லை. அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம்.

எங்கள் வீட்டில் மட்டும் இப்படி நடந்ததாக நான் நினைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் ஜீப்பில் நெருக்கிக்கொண்டு மலையேறிப் போவார்கள். திராட்சைத் தோட்டத்தில் நாள் முழுக்கக் கை தூக்கி வேலை பார்ப்பார்கள். அப்போதெல்லாம் யாருக்கும் பயம் வரவில்லை. ஒரு பெண் தன் விருப்பத்துக்கு ஓர் அருவியைப் பார்க்கப் போனாள் என்றதும்தான் பயம் வந்தது. டீக்கடையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி "எவன் செஞ்சான்?" இல்லை. "அது ஏன் அங்க போச்சு?"

நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதுவும் சொல்லவில்லை.

ஆக, தேனி நீதிமன்றம் தண்டனை கொடுப்பதற்கு ஏழு வருடம் முன்பே ஊர் ஒரு தண்டனையைக் கொடுத்துவிட்டது. அதை அனுபவித்தவர்கள் எந்தக் குற்றமும் செய்யாத பெண்பிள்ளைகள். பல வருடம் கழித்துச் சட்டப் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு ஒன்று உறைத்தது: "ஏன் அங்க போச்சு?" என்பது எங்கள் டீக்கடையில் மட்டும் கேட்கப்பட்ட கேள்வி இல்லை. இந்தியச் சட்டம் நூறு வருடத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் அதுதான்.

*

1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 375ஆம் பிரிவில் பாலியல் வல்லுறவை வரையறுத்தது. பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக, அவள் சம்மதம் இல்லாமல் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆனால் சம்மதம் என்றால் என்ன என்று அந்தப் பிரிவில் இல்லை. அந்தக் காலியிடத்தை நீதிமன்றங்கள் தங்களுக்குத் தோன்றியபடி நிரப்பின. 1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள்ளேயே போலீஸ்காரர்களால் வன்கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன ஆதிவாசிச் சிறுமியின் வழக்கு இதற்குப் பேர்போனது. சட்ட வரலாற்றில் மதுரா வழக்கு என்பார்கள். உயர் நீதிமன்றம் கொடுத்த தண்டனையை 1978இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உடம்பில் காயம் இல்லை, போராடிய அடையாளம் இல்லை, ஆகவே சம்மதித்திருப்பாள். அதுதான் தர்க்கம். அதாவது அவள் வாய் "இல்லை" என்று சொன்னால் போதாது, உடம்பும் சாட்சி சொல்ல வேண்டும்.

உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். பணிந்து போவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்பதுதான் அதன் மையக் கேள்வி. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண் "நான் சம்மதிக்கவில்லை" என்று சாட்சி சொன்னால், நீதிமன்றம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் அப்போதுதான் குற்றமானது.

அடுத்த பெரிய மாற்றத்துக்கு முப்பது வருடம் ஆனது. 2012 டிசம்பர் டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு வர்மா குழு அறிக்கை கொடுத்தது, 2013இல் திருத்தச் சட்டம் வந்தது. வரையறை விரிந்தது. சம்மதம் என்றால் என்ன என்று அந்தப் பிரிவிலேயே எழுதப்பட்டது: சொல்லாலோ சைகையாலோ, சந்தேகத்துக்கு இடமில்லாமல், தானே முன்வந்து தெரிவிக்கும் உடன்பாடு. எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக்கூடாது என்பதும் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. கூடவே ஒரு பழைய ஓட்டையையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது: மனைவிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் கணவன் செய்வது இந்தக் குற்றத்துக்குள் வராது. அந்த ஒரு வாசலில் மட்டும் அவள் சொல் இன்னும் எடுபடாது.

இந்த வரலாற்றை ஒரே வாக்கியத்தில் சுருக்கினால், ஒரு பெண்ணின் சொல்லைக் கேட்கச் சட்டம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட கதை என்பேன். ஆனால் இந்தக் கதை நம் வாட்ஸப் குரூப்களில் ஓடுவதில்லை. அங்கே ஓடுவது வேறு. எத்தனை வருசம்? தூக்கா, இல்லையா? ஏன் இன்னும் என்கவுன்ட்டர் பண்ணல?

*

தமிழ்நாட்டிலேயே சமீபத்திய உதாரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, 2025 ஜனவரி 10ஆம் தேதி சட்டமன்றத்தில் திருத்த மசோதா தாக்கலானது. மறுநாளே நிறைவேறியது. வல்லுறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 வருடத்திலிருந்து 14 வருடம். மற்ற பல பிரிவுகளிலும் எண்கள் ஏறின. 1998இன் பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டமும் கடுமையானது. ஈவ் டீசிங்கால் ஒரு கல்லூரி மாணவி உயிர் போன பிறகு வந்த சட்டம் அது.

நான் இதை ஏளனம் செய்யவில்லை. தண்டனையின் அளவு என்பது ஒரு சமூகம் எதை எவ்வளவு பெரிதாக நினைக்கிறது என்பதற்கான அளவுகோல்தான். ஆடு திருடியதற்கும் இதற்கும் ஒரே வருடக் கணக்கு இருந்தால் அந்தச் சட்டத்தை யார் மதிப்பார்கள்? சித்தியிடம் 14 வருடம் என்று சொன்னபோது, "அம்புட்டுத்தானா?" என்றார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே அண்ணா பல்கலைக்கழக வழக்கில் நடந்த இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புகார் கொடுத்த மாணவியின் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர் வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்து, கசிவுக்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டது. அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்ற சட்டம் வந்து அப்போது நாற்பது வருடம் ஆகியிருந்தது. சட்டத்தில் வார்த்தை இல்லாமல் அந்தக் கசிவு நடக்கவில்லை. அவள் நம்பி ஒப்படைத்த சொல்லைக் கைகள் கவனமாகப் பிடித்திருக்கவில்லை. அதன் பிறகு அந்தக் குழு ஒழுங்காக ஆதாரம் சேர்த்தது. ஐந்து மாதத்தில், 2025 ஜூன் 2ஆம் தேதி, குறைந்தது 30 வருடம் சிறையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இரண்டுமே ஒரே வழக்கு. வித்தியாசம் கைகளில் இருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2018இல் நாட்டில் விசாரணை முடிந்த வல்லுறவு வழக்குகளில் 27 சதவீதம் சொச்சத்தில்தான் தண்டனை கிடைத்தது. நான்கில் மூன்று தண்டனை இல்லாமல் போகிற இடத்தில், நான்காவது வழக்கின் தண்டனையை 10இலிருந்து 14 ஆக்குவதால் யாருக்குப் பயம் வரும்? 1764இலேயே இத்தாலிக்காரர் பெக்காரியா எழுதிவிட்டார்: குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடூரம் இல்லை, தப்பிக்க முடியாது என்ற நிச்சயம். வர்மா குழுவும் தூக்குத் தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. வருடங்களை ஏற்றுவதற்கு ஒரு வாக்கெடுப்பு போதும். நிச்சயத்தை உண்டாக்க ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் ஒரு ரிஜிஸ்டரில் சரியாக எழுத வேண்டும். அதற்குக் கைதட்டல் கிடைக்காது.

*

சுருளித் தீர்ப்பை நான் ஒரே இரவில் படித்து முடித்தேன். அது எனக்குத் தெரிந்த மொழியில் இருந்ததுபோலவே பட்டது. கடைசியாக அவர்களோடு இவரைப் பார்த்தேன் என்ற சாட்சிகள் நம்பும்படி இல்லை. டி.என்.ஏ. மாதிரிகள் எடுக்கப்பட்ட நேரத்திலிருந்து ஆய்வகம் போய்ச் சேரும்வரை யார் கையில், எந்த நிலையில் இருந்தன என்பது நிறுவப்படவில்லை. தாமதத்துக்கு விளக்கம் இல்லை. மாதிரி கெட்டுப்போயிருக்கலாம், மாறியிருக்கலாம் என்ற சந்தேகத்தை விலக்க வழி இல்லை. அப்படி ஒரு மாதிரியை வைத்து ஒரு மனிதனைத் தூக்கில் போட முடியாது.

அதோடு நிற்காமல் நாடு முழுக்க இனி என்ன செய்ய வேண்டும் என்றும் நீதிமன்றம் எழுதியது. மாதிரிப் பொட்டலத்தின் மேல் எஃப்.ஐ.ஆர் எண், தேதி, சட்டப்பிரிவு, விசாரணை அதிகாரி, காவல் நிலையம் எல்லாம் இருக்க வேண்டும். மருத்துவரும் அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுத வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் சீலைப் பிரிக்கக்கூடாது. எடுத்த நாள் முதல் வழக்கு முடியும்வரை ஒவ்வொரு கைமாற்றத்தையும் பதியும் ரிஜிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய இரவு நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் நள்ளிரவில் ஒரு டேட்டாபேஸிலிருந்து வாடிக்கையாளர் பதிவுகள் அழிந்துபோயின. அந்த நேரத்தின் லாக் எங்களிடம் இல்லை. அதைச் சேமித்து வைக்கும் ஏற்பாட்டை நாங்கள் ஒழுங்காகச் செய்திருக்கவில்லை. மேலே இருந்து "யார்?" என்று கேட்டார்கள். அந்த வாரம் புதிதாக வந்திருந்த கான்ட்ராக்ட் பையனின் ஐடி அப்போது உள்ளே இருந்தது. அவன் பெயரை முதலில் சொன்னவன் நான். கெட்ட எண்ணம் இல்லை. ஏதாவது ஒரு பெயர் சொல்லியாக வேண்டியிருந்தது. பத்து நாள் கழித்து, யாரோ எப்போதோ ஓடவிட்டு மறந்துபோன ஒரு ஸ்கிரிப்ட்தான் காரணம் என்று தெரிந்தது. அதற்குள் அவன் வேலை போயிருந்தது.

அன்று எனக்குத் தெரிந்தது இதுதான். ஆதாரம் இல்லாத இடம் காலியாக இருப்பதில்லை. அங்கே ஒரு பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலும் அது திருப்பிப் பேசமுடியாத ஆளின் பெயராக இருக்கும். நான் இழைத்தது ஒருவனின் வேலையோடு போனது. சுருளி வழக்கில் ஒருவர் ஏழு வருடம் கழுத்தில் கயிறு விழுவதை எதிர்பார்த்தபடி உள்ளே இருந்தார். சட்டத்தின் முன் இன்று அவர் குற்றமற்றவர். அதற்கு முன்னால் "டெக்னிக்கலா" என்று ஒரு வார்த்தை சேர்ப்பவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. இப்படி அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு இழப்பீடு கொடுக்க நம்மிடம் தனிச்சட்டம் கிடையாது. சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் அதற்குப் பரிந்துரை செய்தும் சட்டம் வரவில்லை.

ஆனால் அவருடைய இழப்பு ஒரு பாதிதான். மறுபாதி அந்தப் பெண்ணுடையது. உயிரோடு இருக்கும் பெண் நீதிமன்றத்துக்கு வந்து பேசலாம். செத்துப்போனவள் எப்படிப் பேசுவாள்? அவள் உடலிலிருந்து பஞ்சில் ஒற்றி எடுத்த அந்த மாதிரிதான் அவளுடைய வாக்குமூலம். சட்டம் 1860இலிருந்து படிப்படியாக அவள் சொல்லைக் கேட்கக் கற்றுக்கொண்டது என்றேனே, கடைசியில் அவள் சொன்னது எங்கேயோ ஒரு கைமாற்றத்தில் தொலைந்துபோனது. மதுரா வழக்கில் அவள் சொன்னதை நம்பவில்லை. சுருளியில் அவள் சொன்னதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது, முதலாவதைவிடச் சின்னக் குற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வாச்சாத்தி ஞாபகம் வருகிறது. 1992இல் அங்கே பதினெட்டுப் பெண்கள் சொன்ன சொல்லை எதிர்த்து நின்றது 269 அரசு ஊழியர்கள். 2011இல் தண்டனை வந்தது. 2023இல் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்வதற்கு முன் நீதிபதி வேல்முருகன் தானே அந்த ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஜெயித்தது புதிய கடுமையான பிரிவு எதுவும் இல்லை. முப்பது வருடம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கைகள்.

*

எங்கள் பள்ளத்தாக்கின் மேல், கூடலூர் மலை உச்சியில், மங்களதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. வருடத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் திறப்பார்கள். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து போயிருக்கிறேன். கண்ணகி என்றால் கோபம், மதுரையை எரித்தவள் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது யோசித்தால் அந்தக் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது நெருப்பு இல்லை. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, ஆராயாமல், உடனே தண்டனை கொடுத்தவன் பாண்டியன். வேகமான நீதி. கண்ணகி சபைக்குப் போய்ச் செய்த முதல் காரியம் சபிப்பது இல்லை. சிலம்பை உடைத்துக் காட்டினாள். முத்தா, மாணிக்கமா என்று பார்க்கச் செய்தாள். கோவலனைக் கொல்வதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனையை, கொன்ற பிறகு ஒரு பெண் வந்து செய்யவேண்டியிருந்தது. நாம் அவள் கோபத்தை எடுத்துக்கொண்டோம். அவள் செய்த சோதனையை விட்டுவிட்டோம்.

*

சுருளியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் தங்கச்சி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் தீர்ப்பைப் பற்றி எனக்குப் புரிந்ததைச் சொன்னேன். பொட்டலம், சீல், 48 மணி நேரம், ரிஜிஸ்டர். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப ஒரு நோட்டுல ஒழுங்கா எழுதியிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"இவரா இல்லையாங்கிறதாவது தெரிஞ்சிருக்கும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. கம்பம் தாண்டியதும், "எம்மக அருவி பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காண்ணே. நாந்தான் வேணாம்னு சொல்லிட்டே வரேன். என்ன காரணம்னு கேக்குறா" என்றாள்.

முன் சீட்டிலிருந்து சித்தி திரும்பிப் பார்த்தார். 2011இல் அந்த விண்ணப்பத்தை பீரோவில் வைத்துப் பூட்டியவர் அவர்தான். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் திரும்பிக்கொண்டார்.

"தை அமாவாசைக்கு அவளையும் கூட்டிட்டு வருவோம்" என்றேன்.

"நீ வருவியா?"

"லீவு சொல்லிட்டு வர்றேன்."

உத்தமபாளையத்தில் இறங்கி பண்ணைப்புரம் பஸ்ஸுக்கு நின்றோம். அவள் போனை எடுத்துத் தை அமாவாசை என்றைக்கு வருகிறது என்று தேட ஆரம்பித்தாள்.